புகுந்த வீட்டை விட்டுக்கொடுக்காதவள்

மஸ்தூராவுக்கு வாய் நீளம். கெய்ரோவின் ஐன் ஷம்ஸ் பகுதியில் அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். எடையில் கையை வைத்த கறிக்கடைக்காரன் ஒருமுறை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில், அடுத்த வாரம் எலும்பு இல்லாத துண்டாகத் தேடிப் பொறுக்கிப் போட்டான். மோட்டார் போட மறந்த வாயில்காவலன், மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே ரொட்டி வாங்கக் கிளம்பிவிடுவான்.

அப்படிப்பட்ட வாய், திறந்தே ஆகவேண்டிய ஒரே ஒரு நாளில், பரம மரியாதையாக மூடிக்கொண்டது. இப்போது நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மஸ்தூரா ஃபூர் இனத்துப் பெண். கம்பு விதைத்து, கம்பங்களி கிண்டித் தின்கிற ஜனம். அவள் புருஷன் பிஷாரா, மாடு மேய்க்கிற அரபுக் கூட்டத்தில் பிறந்தவன். அவர்கள் பிறந்த மண்ணான தார்ஃபூரில் இந்த இரண்டு ஜனமும் முதலில் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் சண்டை போட்டன. பிறகு துப்பாக்கி வந்தது. ஊர்கள் எரிந்தன. அதற்குப் பிறகு இங்கே பெண் கொடுப்பது, அங்கே பெண் எடுப்பது என்பதெல்லாம் யாரும் விளையாட்டுக்குக்கூடப் பேசாத பேச்சாகிவிட்டது.

பிஷாரா மாட்டை விட்டு லாரிக்கு வந்தவன். அங்கே நியாலா ஊர்ச் சந்தையில் மஸ்தூராவின் சின்னம்மா களிக்கடை வைத்திருந்தாள். கிண்டுவது மஸ்தூரா. ஒருநாள் லாரியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தவன், இரண்டு வாய் வைத்துவிட்டுச் சொன்னான்.

"களியில கட்டி கட்டியா இருக்கே."

"பல்லு இருக்கில்ல? கடிங்க."

மறுநாளும் வந்தான். மறுநாளும் கட்டி இருந்தது. இவ்வளவு மோசமான களிக்காக ஒருத்தன் தினமும் வந்தால், ஒன்று அவனுக்கு நாக்கில் கோளாறு, இல்லாவிட்டால் வேறெங்கோ கோளாறு. மஸ்தூராவுக்கு இது அப்போதே புரிந்தது. புரியாத மாதிரி இன்னும் கொஞ்சம் கட்டியோடு கிண்டினாள். அந்தப் புத்தியைக் கொண்டு வேறு ஏதாவது உருப்படியாகச் செய்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

யாருக்கும் தெரியாமல் நிக்காஹ் நடந்தது. சாட்சி, லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் இரண்டு பேர். விஷயம் வெளியே வந்ததும் பிஷாராவின் சித்தப்பா ஜாதைன், "நம்ம பய அடிமைக் கூட்டத்துல போய் விழுந்துட்டான்" என்று துப்பினார். மஸ்தூராவின் அண்ணன் அபக்கர், "நம்ம ஊரைக் கொளுத்தினவன் வீட்டுக்கா போனா?" என்று கோடாலியைத் தேடினான். பிஷாரா எந்த ஊரையும் கொளுத்தியதில்லை. அடுப்புப் பற்றவைக்கக்கூட அவனுக்கு வராது. ஆனால் அதைக் கேட்க ஆள் இல்லை.

பல வருஷமாக ஒரே பாயில் உட்கார முடியாமல் இருந்த இரண்டு ஜனமும் ஒத்துப்போன ஒரே விஷயம், இவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கக் கூடாது என்பதுதான். 'எங்களை நடுவுல உக்கார வச்சு ஒரு சமாதானக் கூட்டமே போட்டிருக்கலாம்' என்பாள் மஸ்தூரா.

சித்தப்பாவின் ஆட்கள் வந்து சமையல் குடிசைக்குத் தீ வைத்தார்கள். மஸ்தூரா தண்ணீருக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். அண்ணன் லாரி நிற்கும் இடத்துக்கே வந்து கோடாலியை வீசினான். பிஷாரா கதவைச் சாத்திக்கொண்டதால் கதவுதான் பிளந்தது. தலைநகரை ஒட்டிய ஓம்துர்மானுக்கு ஓடினார்கள். அங்கே சித்தப்பா மகன் சுட்டதில் ஒரு குண்டு பிஷாராவின் தோளைத் துளைத்துக்கொண்டு போனது. பிறகு ரயில், படகு, பஸ் என்று கெய்ரோ.

கெய்ரோவில் ஒரு சௌகரியம். தெருவில் போனால் பொடிப் பையன்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரி "ஏய் கறுப்பி, ஏய் கறுப்பா" என்று கத்துவார்கள். பரம்பரை பரம்பரையாக 'நாங்கள் அரபு' என்று மார்தட்டிய கூட்டத்தின் பிள்ளை, முதல் தடவை அதைக் கேட்டுவிட்டுப் பின்னால் திரும்பி, யாரைச் சொல்கிறார்கள் என்று பார்த்தான்.

"உங்களைத்தான். வாங்க, நம்ம ஜாதிக்கு" என்றாள் மஸ்தூரா.

மகள் ஆஷ்தா அங்கேதான் பிறந்தாள். அகதிகள் அலுவலகத்தில் மஞ்சள் அட்டை கிடைத்தது. அகதியாக ஏற்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். நீல அட்டை வந்தால்தான், இவர்கள் சொல்வது நிஜம், திருப்பி அனுப்பக் கூடாது என்று அர்த்தம். அதற்கு நேர்காணல் வரவேண்டும். வரட்டும் பார்க்கலாம் என்று இருந்தவர்களை ஒரு சேதி எழுப்பி உட்காரவைத்தது. கெய்ரோவின் அதபா சந்தையில் சித்தப்பா மகன் நிற்கிறான், தோளில் தழும்பு உள்ள லாரிக்காரன் ஒருத்தன் எங்கே குடியிருக்கிறான் என்று விசாரிக்கிறான்.

அந்த வாரமே நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மூன்றாம் மாடி சுவாத் அக்கா அதே நாட்டு நூபா மலைக்காரி. நேர்காணல் எல்லாம் முடித்து நீல அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறையாக வைத்திருப்பவள். அவள் வந்து பாடம் எடுத்தாள்.

"நல்ல சீலை கட்டாத. மருதாணி வேணாம். அழு. அழுகை வரலன்னா தலையைக் குனிஞ்சுக்க."

"எனக்கெதுக்குக்கா இதெல்லாம்? என் வாய் இருக்கு, நான் பாத்துக்கிறேன்."

நல்ல சீலைதான் கட்டிக்கொண்டு போனாள். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பிச்சைக்காரி மாதிரி நிற்க முடியுமா? கைநிறையக் கறுப்பு மருதாணி. புருஷன் உயிரோடு கூட இருக்கிற பெண் மருதாணி இல்லாமல் போனால் என்ன நினைப்பார்கள்?

அலுவலகத்தில் இரண்டு பேரையும் தனித்தனி அறைக்கு அனுப்பினார்கள். பிஷாராவிடம் வேறு ஒருவர். மஸ்தூராவுக்கு ஒரு வெளிநாட்டுப் பெண். முகமெல்லாம் புள்ளி, எலும்பும் தோலும். ஒருவேளைகூட ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை போல என்று மஸ்தூராவுக்குத் தோன்றியது. பக்கத்தில் மொழிபெயர்க்க மஹ்ஜூப்; எல்லாரும் மரியாதையாக உஸ்தாத், வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார்கள். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை, ஓம்துர்மான்காரர். வினை அங்கேதான் ஆரம்பித்தது. நம் ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்!

"எப்படி இருக்கீங்க தங்கச்சி? சௌக்கியமா?" என்றார் உஸ்தாத்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கோம். நீங்க சௌக்கியமா? வீட்ல பிள்ளைங்க சௌக்கியமா? உடம்பு நல்லா இருக்கா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"எல்லாரும் நல்லா இருக்கணும்."

அந்தப் பெண் கேட்டதை உஸ்தாத் மாற்றிச் சொன்னார். "உங்க புருஷன் குடும்பத்தார் உங்களை எப்படி நடத்தினாங்கன்னு கேக்கிறாங்க."

மஸ்தூராவின் வாய் திறந்தது. உள்ளேயிருந்து அவளுக்கே தெரியாத ஒரு குடும்பப் பெண் பேசினாள்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல மனுஷங்க. பெரிய குடும்பம். மாடு கன்னு ஏராளம்."

"உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

"குடும்பம்னா நாலு பேச்சு இருக்கும், உஸ்தாத். உங்களுக்குத் தெரியாததா?"

"உங்க சமையலறை எரிஞ்சு போச்சுன்னு பதிவு பண்ணும்போது சொல்லியிருக்கீங்களே?"

"ஆமா, எரிஞ்சுச்சு."

"யார் எரிச்சது?"

மஸ்தூரா உஸ்தாதின் மீசையைப் பார்த்தாள். இந்த மீசைக்கு எத்தனை மச்சான், எத்தனை பங்காளி? இவர் எதிரே புருஷன் வீட்டைத் திட்டினால் பிஷாராவின் மானம் என்ன ஆகும்?

"புல்லுக் கூரை. வெயில் காலம்" என்றாள்.

"அப்ப எதுக்கு நாட்டை விட்டு வந்தீங்க?"

"ஆண்டவன் எழுதினது."

அந்தப் பெண் எழுதினாள். கொஞ்ச நேரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். போகும்போது மஸ்தூரா அவளை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னாள். அந்த மரியாதையில் மட்டும் குறை வைக்கவில்லை.

வெளியே மரத்தடியில் பிஷாரா பருப்பு வடை ரொட்டியோடு காத்திருந்தான்.

"என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். நீங்க?"

"நானும் உள்ளதைத்தான் சொன்னேன்."

இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தின்றார்கள்.

அடுத்த நாள் சுவாத் அக்காவின் அறையில், இஞ்சி தட்டிப் போட்ட காப்பி இரண்டாவது சுற்று வரும்போது மஸ்தூரா எல்லாவற்றையும் கொட்டினாள். இந்த வாய்க்குக் காப்பியும் வேண்டும், பக்கத்தில் ஆம்பளை இல்லாமலும் இருக்கவேண்டும்.

சுவாத் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வெயில் காலம்னா சொன்ன?"

"ஆமாக்கா."

"உன்னைக் கொல்ல வந்தவனை நல்ல மனுஷன்னு சொல்லிட்டு வந்திருக்க."

"மாடு கன்னு இருக்குன்னும் சொன்னேன்."

"அடி கூறுகெட்டவளே! உன் வாய் கறிக்கடைக்காரன்கிட்டதான் செல்லுமா?"

மஸ்தூரா இவ்வளவு நாளும் தன்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தால், தராசு பிடித்தவனிடம் மட்டும் காட்டுகிற தைரியம் அது.

சில வாரம் கழித்து மறுபடி அழைத்தார்கள். சொன்னதில் ஆபத்து எதுவும் தெரியவில்லை, தெளிவாகச் சொல்ல இன்னொரு தடவை, அதோடு முடிவு. நிராகரித்துவிட்டால் அப்புறம் எந்த நாளும் பிடித்து எல்லைக்கு அனுப்பலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் கோடாலியும் துப்பாக்கியும் ஒற்றுமையாகக் காத்திருக்கின்றன. அதபா சந்தைக்காரன் இப்போது ஐன் ஷம்ஸ் ஸ்டேஷன் பக்கம் வந்து விசாரிப்பதாகவும் சொன்னார்கள்.

சுவாத் அக்கா அதிகாரி வேஷம் கட்டி ஒத்திகை பார்த்தாள். இடுப்பில் ஆஷ்தாவை வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தி, "சொல்லு, உன் சின்ன மாமனார் எப்படிப்பட்டவர்?"

"அல்ஹம்து..."

"வாயை மூடு! மறுபடி. எப்படிப்பட்டவர்?"

"அவரு... வயசானவரு."

"நாசமாப் போச்சு" என்றாள் சுவாத் அக்கா.

அன்றைக்கும் அதே புள்ளி முகப் பெண், அதே உஸ்தாத். ஆனால் இந்தத் தடவை, இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினால் சம்மதமா என்று முதலிலேயே கேட்டார்கள். சம்மதம் என்றார்கள். பிஷாராவும் மஸ்தூராவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், கல்யாணப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்தார்கள்.

உஸ்தாத் மெதுவாகச் சொன்னார். "போன தடவை நீங்க சொன்னதை இப்ப படிக்கிறாங்க. சரியான்னு சொல்லுங்க. பிஷாரா, உங்க மச்சான் அபக்கர் நல்லவர், கோடாலி வச்சிருக்கிறது விறகு வெட்டன்னு சொல்லியிருக்கீங்க."

மஸ்தூரா திரும்பினாள். "என்னது?"

பிஷாரா தரையைப் பார்த்தான்.

"எங்கண்ணன் விறகு வெட்டவா வந்தான்? லாரிக் கதவுல விறகா இருந்துச்சு? ஏன்யா, கதவு ரெண்டாப் பொளந்துச்சே, மறந்துட்டீங்களா? கழுத்துக்குக் குறி வச்சதுய்யா அது!"

"உன் கூடப் பிறந்தவனை வெளியாள்கிட்ட எப்படிக் குத்தம் சொல்றது?"

"எனக்காகப் பொய் சொன்னீங்களாக்கும்! ரொம்பத்தான்!"

உஸ்தாத் மொழிபெயர்க்கத் திணறிக்கொண்டே அடுத்ததைப் படித்தார். "மஸ்தூரா, உங்க மாமனார் வீட்டு மனுஷங்க நல்லவங்க, மாடு கன்னு ஏராளம், கூரை வெயில்ல எரிஞ்சதுன்னு..."

இப்போது பிஷாரா திரும்பினான். "வெயில்லயா?"

"அது வந்து..."

"அடி பாவி! வெயில் தீப்பெட்டி எடுத்துட்டு வந்துச்சா? மண்ணெண்ணெய் டின்னு அங்கயே கிடந்துச்சே! நீ உள்ளதான் இருக்கன்னு நினைச்சு வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டுக் கொளுத்தினாங்கடி என் சித்தப்பன் ஆளுங்க!"

"எனக்குத் தெரியாதா? என் களிப்பானையும் அதுலதான் போச்சு! அதைச் சொன்னா உங்க மானம் போகுமேன்னுதான்..."

"என் மானம் கிடக்குது! உசிரு போயிருக்கும்!"

"அப்ப நீங்க மட்டும் எங்கண்ணனுக்கு எதுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்தீங்க?"

"நீ மட்டும் என் சித்தப்பனுக்கு எதுக்கு மாடு கன்னெல்லாம் எண்ணின?"

உஸ்தாத் ஒரு கையைத் தூக்கி, கொஞ்சம் மெதுவாக, ஒருத்தர் ஒருத்தராக என்று கெஞ்சினார். யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் பேனாவை வேகமாக ஓட்டினாள். தங்கள் தங்கள் வீட்டு அழுக்கை இரண்டு பேரும் போட்டி போட்டுக் கழுவியதில் ஓம்துர்மான் குண்டு வந்தது, தோள் தழும்பு வந்தது, அதபா சந்தைக்காரனும் வந்து சேர்ந்தான். காப்பி இல்லாமல், ஆம்பளை இரண்டு பேர் எதிரிலேயே, மஸ்தூராவின் வாய் பழைய வேகத்தைப் பிடித்துவிட்டது.

"இவருக்கு வீட்டாளுங்கன்னா உசிரு, மேடம். அவனுங்க சுட்டதுக்கப்புறமும் பெருநாளுக்குப் போன் பண்ணினாரு. அந்த சித்தப்பன்கிட்டயே பேசினாரு! என்ன பேசினீங்கன்னா, 'சௌக்கியம் விசாரிச்சாங்க'ன்னாரு. சொல்லுங்கய்யா, சௌக்கியமா விசாரிச்சாங்க?"

பிஷாரா உஸ்தாதைப் பார்க்காமல், அந்தப் பெண்ணைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னான்.

"'அந்தப் பொண்ணையும் குழந்தையையும் நீயே முடிச்சிட்டு வா, உன்னை மன்னிச்சிடறோம், மாடு பிரிச்சுத் தரோம்'னாரு. நீ முடிக்கலன்னா என் பிள்ளை வந்து முடிப்பான், அப்ப மூணு பேரையும் முடிப்பான்னாரு. அவர் பிள்ளைதான் அதபாவுல நிக்கிறான்."

உஸ்தாத் மொழிபெயர்க்க வாயெடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

மஸ்தூரா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பெருநாளிலிருந்து இந்த மனுஷன் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு இவள் கிண்டிய களியைத் தின்றிருக்கிறான். கட்டி இருக்கிறது என்று குறைகூடச் சொல்லியிருக்கிறான்.

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா எங்க வீட்டு ஆளுங்களைப் பத்தி நீ என்ன நினைப்ப?"

இதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. சுவாத் அக்கா அத்தனை பாடம் எடுத்தும் வராத அழுகை, மூக்கு ஒழுக, அவலட்சணமாக வந்தது. நல்ல சீலையின் முந்தானையில் துடைத்தாள்.

அந்தப் பெண் கடைசியாக ஒன்று கேட்டாள். உஸ்தாத் சொன்னார். "இப்ப ஊருக்குத் திரும்பிப் போனா உங்களுக்கு என்ன ஆகும் தங்கச்சி?"

'அல்ஹம்துலில்லாஹ்' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மஸ்தூரா அதைக் கடித்து விழுங்கினாள்.

"என்னைக் கொன்னுடுவாங்க. எங்க வீட்டுக்காரரைக் கொன்னுடுவாங்க. ரெண்டு வயசுப் புள்ள இருக்கு, அதை ரெண்டு பக்கமும் தங்களுதுன்னு சொல்லல, அதையும் விடமாட்டாங்க." உஸ்தாதின் மீசையை நேராகப் பார்த்துச் சொன்னாள். "எங்க வீட்டு ஆளுங்க நல்லவங்க இல்ல, உஸ்தாத். எங்க ரெண்டு வீட்டாளுங்களும்தான்."

"புரியுது தங்கச்சி" என்றார் அவர். மொழிபெயர்க்க வேண்டியது இல்லாத ஒரே பேச்சு அதுதான்.

முடிவு வர மாசக்கணக்கில் ஆனது. அதற்குள் அவர்கள் ஐன் ஷம்ஸிலேயே இன்னொரு தெருவுக்கு மாறி, பிஷாரா வேலைக்குப் போகிற வழியை மாற்றி, மஸ்தூரா கறிக்கடையையே மாற்றவேண்டியதாகி, புதுக் கடைக்காரனை முதலிலிருந்து திட்டித் திருத்தவேண்டியதாயிற்று. ஒரு மதியம் போன் வந்தது. உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள். நீல அட்டை வாங்க வரச் சொன்னார்கள்.

மஸ்தூரா எண்ணெய்ச் சட்டியை வைத்து மாவு உருண்டை பொரித்து, சர்க்கரை தூவி, தட்டில் நிரப்பிக்கொண்டு, பழைய கட்டடத்துக்கே நடந்துபோய் மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

"என்னடி விசேஷம்?" என்றாள் சுவாத் அக்கா.

"எங்க சொந்தக்காரங்க எங்களைக் கொல்லத்தான் பாக்கிறாங்கன்னு ஊர்ஜிதமாயிடுச்சுக்கா!"

சுவாத் அக்கா அப்படியே குலவை போட்டாள். மேல்மாடி, கீழ்மாடிக் கதவெல்லாம் திறந்தது. விஷயம் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் மஸ்தூரா அதையே சொன்னாள். எல்லாரும் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டு இனிப்பு எடுத்துக்கொண்டார்கள். இந்த மாதிரி ஒரு சேதிக்கு இனிப்பு கொடுக்கிற பிழைப்பும், அதை வாங்கித் தின்று வாழ்த்துகிற பிழைப்பும் உலகத்தில் வேறு யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினாள்.

வீட்டில் ஆஷ்தாவை மடியில் வைத்துக்கொண்டு பிஷாரா மிச்ச உருண்டையில் ஒன்றைக் கடித்துப் பார்த்தான்.

"உள்ள வேகல போலிருக்கே."

"பல்லு இருக்கில்ல?" என்றாள் மஸ்தூரா.